சொந்தக் கையெழுத்து

அத்தியாயம் 9

“நான் வர்ற வரைக்கும் வீட்ட விட்டு எங்கயும் போகாதீங்க” என்று ஜொகூர் பாருவிலிருந்து மகன் செல்வா போனில் சொன்னது வெள்ளிக்கிழமை மாலை.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ராசம்மா வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

தோளில் பச்சைப் பை. அதற்குள் துண்டு, நீச்சல் கண்ணாடி, ரப்பர் தொப்பி, கை கால் முழுக்க மூடுகிற கறுப்பு நீச்சல் உடை. இனி எதையும் மறைக்க வேண்டியதில்லை. எட்டு மாதமாக மறைத்தது போன புதன்கிழமை வெளியே வந்துவிட்டது. திடீர் மழைக்குக் கொடித்துணி எடுக்க ஓடிய மகள் ஷர்மினி, அந்தக் கறுப்பு உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மா, இது யாரோடது?” என்று கேட்டாள். ராசம்மா பொய் சொல்லவில்லை. ஷர்மினி அண்ணனிடம் சொல்லாமல் இருக்கவில்லை. அன்றிலிருந்து குளுவாங் வீட்டுப் போன் ஓயவில்லை.

தாமான் செம்பாக்கா மூத்தோர் மன்றத்தில் ராசம்மா சேர்ந்ததென்னவோ கைப்பேசி வகுப்புக்குத்தான். அறுபத்தாறு வயது. தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை. கைப்பேசி வகுப்பு முடிந்ததும் திங்கட்கிழமை வரிசை நடனத்தில் சேர்ந்தாள். ஞாயிறு காலையில் குனோங் லம்பாக் மலையடிவாரத்தில் நடக்கப் போனாள். பிறகு ஒருநாள் மன்றத்துப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தாள்: ‘மூத்தோருக்கு நீச்சல். செவ்வாய், சனி.’ யோசிப்பதற்குள் பெயரை எழுதிவிட்டாள். வீட்டில் பஜனை என்று சொல்லிவைத்தாள்.

இப்போது மெர்சிங் பயணம். அடுத்த சனிக்கிழமை, மன்றத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் வரை படகேறித் தீவுக்குப் போய் ஓர் இரவு தங்குகிறார்கள். போக விரும்புகிறவர்கள் மூன்று காரியம் முடிக்க வேண்டும். டாக்டர் சீட்டு வாங்க வேண்டும். நீச்சல் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எதையும் பிடிக்காமல் நீந்திக் காட்ட வேண்டும். விண்ணப்பப் பாரத்தின் கடைசியில் வாரிசு கையெழுத்துப் போட வேண்டும்.

முதலாவது முடிந்துவிட்டது. இரண்டாவது இன்று ஒன்பது மணிக்கு. மூன்றாவதுதான் வீட்டை இரண்டாக்கியிருந்தது.

“மா, அண்ணன் கிளம்பிட்டானாம்.” ஷர்மினி காப்பிக் குவளையோடு வெளியே வந்தாள். மருத்துவமனையில் தாதி. மதிய ஷிப்ட் என்பதால் இன்னும் தலை வாரவில்லை. “ஒரு மணி நேரம்தானே, இருங்களேன்.”

“இருந்தா ஒம்போது மணி போயிடும்.”

“அதுக்காக? அவன் வந்து வெறும் வீட்ட பாத்தா என்னதான் நெனப்பான்?”

“குளத்துக்கு வரச் சொல்லு. வழி தெரியும் அவனுக்கு.”

ஷர்மினி குவளையை ஜன்னல் திட்டில் வைத்தாள். “நான் ஒண்ணு கேக்கட்டுமா? நான் வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆனா அதுக்கப்புறம் அண்ணன் என்கிட்ட பேச மாட்டான். அதையும் நெனச்சுக்கங்க.”

ராசம்மா மகளை ஒரு கணம் பார்த்தாள். பிள்ளை உண்மையாகவே பேனாவைத் தேடுகிற முகத்தோடு நின்றாள்.

“வேணாம்” என்றாள் ராசம்மா. “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் பாரம் வேணாம்.”

‘கக்’, அதாவது அக்கா, என்று ராசம்மா கூப்பிடுகிற மலாய்த் தோழி ஸைத்தூனின் சிவப்புக் கார் முனையில் திரும்பியது. பதினைந்து வருடம் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்றவர்கள் இருவரும். ராசம்மா ஏறிக்கொண்டாள்.

*

குளத்துக் கூரையின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் சோமசேகரம். மன்றச் செயலாளர். அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நீச்சலுக்கு வந்த இடத்திலும் சட்டைப் பையில் இரண்டு பேனா.

“டாக்டர் சீட்டு இருக்கு. ரத்த அழுத்தம் சரியாயிருக்கு.” தாளைத் திருப்பினார். “வாரிசு கையெழுத்து எங்கே, ராசம்மா?”

“இல்ல சார்.”

“மகன் வருவதாகச் சொன்னீர்களே?”

“வர்றான். கையெழுத்துப் போட வரல, தடுக்க வர்றான்.”

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியென்றால் நான் என்ன செய்வது? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் மன்றத்தைத்தானே கேட்பார்கள்? விதி போட்டது உங்களுக்கு மட்டுமில்லை. எனக்கும்தான்.”

“உங்களுக்கு யார் கையெழுத்துப் போட்டது?”

“என் மகன் மோகனதாஸ். மெல்பர்னிலிருந்து ஈமெயிலில் அனுப்பினான்.”

“அவரு உங்கள நேர்ல பாத்து எத்தன நாளாச்சு சார்?”

“மூன்று வருடம் இருக்கும்.”

“நீங்க நீந்துறது அவருக்குத் தெரியுமா?”

சோமசேகரம் பாரங்களை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்தவைதான்.

ராசம்மாவுக்கு அவரைக் குத்திக்காட்டும் எண்ணமில்லை. ஆனால் மூன்று நாளாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

“சார், என் மகள பள்ளிக்கூடத்துல சேத்தப்ப நான்தான் கையெழுத்துப் போட்டேன். செல்வாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணப்பவும் என் கையெழுத்துதான் கேட்டாங்க. என் வீட்டுக்காரர் உடம்ப வாங்குனப்பவும் நான்தான் போட்டேன். அப்பல்லாம் செல்லுபடியான கையெழுத்து, நான் கடலுக்குப் போறதுக்கு மட்டும் எப்படி சார் செல்லாமப் போச்சு?”

பக்கத்தில் தொப்பி மாட்டிக்கொண்டிருந்த கக் ஸைத்தூனுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. குரல் புரிந்தது. தோழியின் தோளில் கை வைத்து, “சாபார் லா, ராசம்மா” என்றாள். பொறுமையாக இரு என்று அர்த்தம். ராசம்மா பொறுமையாகத்தான் இருந்தாள். அறுபத்தாறு வருடமாக.

“முதலில் நீந்திக் காட்டுங்கள்” என்றார் சோமசேகரம் கடைசியில். “மிச்சத்தைப் பிறகு பேசுவோம். பதினொரு மணிக்குப் படகுக்காரருக்குப் பெயர்களை அனுப்ப வேண்டும்.”

*

பயிற்சி தருகிற லோஷினி விசிலை வாயில் வைத்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். முதல் மாதம் முழுக்க ராசம்மாவின் விரல்களைக் குளத்துக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டவள் அவள்தான்.

“ஆன்ட்டி, அவசரம் வேணாம். கயித்த மட்டும் தொடாதீங்க. ரெடியா?”

விசில்.

முகத்தில் தண்ணீர் ஏறியது. பிறகு எல்லாச் சத்தமும் அமுங்கிப் போனது. ராசம்மாவுக்குத் தெரிந்தது தவளை நீச்சல் ஒன்றுதான். கைகளை விரித்தாள், இழுத்தாள், தலையைத் தூக்கி மூச்சு வாங்கினாள். ஒன்று. இரண்டு. அந்தக் கரையைப் பார்க்கக்கூடாது, கையெண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் மர நெரையின் கடைசி மரத்தைப் பார்த்தால் கால் ஓயும். எதிரில் நிற்கிற மரத்தைப் பார்த்தால் ஓயாது.

பதினெட்டு. பத்தொன்பது. பாதிக் குளம் தாண்டியாயிற்று.

இருபத்து நான்காவது தடவை மூச்சுக்குத் தலையைத் தூக்கியபோதுதான் அது கேட்டது.

“அம்மா!”

கூப்பிட்ட குரலா, அலறிய குரலா என்று பிரிக்க முடியவில்லை. அந்த ஒரு சொல்லில் அவள் கைகள் நின்றுவிட்டன. வாயைத் திறந்தாள். தண்ணீர் உள்ளே போனது. கால்கள் தரையைத் தேடின. எட்டவில்லை. அடுத்த கணம் மிதவைக் கயிறு அவள் இரண்டு கைக்குள்ளும் இருந்தது.

லோஷினி குதித்து வந்து முதுகைத் தாங்கினாள். “ஓகே, ஆன்ட்டி, ஓகே. மூச்சு விடுங்க.”

கரையில் செல்வா நின்றான். ஷர்மினி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. குளத்தின் விளிம்பிலிருந்து மூன்று எட்டுத் தள்ளியே நின்றான். அதற்கு மேல் அவனால் வர முடியவில்லை.

*

பெஞ்சில் துண்டைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். ஷர்மினி மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினாள். “கொஞ்சம் வேகமா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லயா?” செல்வா அவள்மேல் பாய்ந்தான். “முங்கப் பாத்தாங்க, ஒண்ணுமில்லங்கற! அம்மா, உங்களுக்கு என்னதான் ஆச்சு? இந்தத் தண்ணி நம்மள என்ன பண்ணுச்சுன்னு மறந்துட்டீங்களா?”

ராசம்மா இருமி முடித்தாள். “மறக்கல.”

“அப்புறம் எதுக்கு?”

“மறக்க முடியாததாலதான்.”

பதினெட்டு வருடங்களுக்கு முன் பாலோ ஊருக்கு உள்ளே, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தார்கள். அந்த வருட மழையில் ஆறு ஊருக்குள் வந்தது. ராசம்மாவின் கணவன் அய்யாவு, கீழ் லயத்துப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரப்பாலத்தைக் கடந்தான். இரண்டு முறை கடந்தான். மூன்றாவது முறை ஆள் தூக்கப் போகும்போது பாலம் போய்விட்டது. சிறிது தூரம்வரை அவன் தலை தெரிந்தது. ஒரு கை தெரிந்தது. கரையில் நின்ற எவருக்கும் நீச்சல் தெரியாது. பதினேழு வயது செல்வா மட்டும் பாய்ந்தான். ராசம்மா பின்னாலிருந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பற்றினாள். பொத்தான்கள் தெறித்தன. அவள் விடவில்லை.

அதைப் பற்றி அம்மாவும் மகனும் அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று, குளோரின் வாடைக்கு நடுவில், ராசம்மா அதைத் தொட்டாள்.

“நான் அன்னிக்கு உன் சட்டைய பிடிச்சது உனக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும்யா. அப்பாவ காப்பாத்த விடலன்னு. அதனாலதான் நீ வீட்டுக்கு வந்தா ஒரு நாளுக்கு மேல தங்க மாட்டேங்கற. நான் எதுவும் கேட்டதில்ல.”

செல்வா அவளைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அது இல்லம்மா.”

“பின்ன?”

“நான் திமிறுனேன்ல... அது பொய்ம்மா.” குரல் உடைந்தது. “நெசமா திமிறல. நீங்க பிடிச்சதும் உள்ளுக்குள்ள ‘நல்லவேள, பிடிச்சுட்டாங்க’ன்னு நெனச்சேன். அப்பா அங்க போயிட்டிருக்காரு. நான் இங்க அப்படி நெனச்சேன். அதான் உங்க முகத்த பாக்க முடியல.”

ஷர்மினியின் கை அம்மாவின் மணிக்கட்டிலேயே நின்றது. அன்று அவளுக்குப் பதினான்கு வயது. பக்கத்து வீட்டுப் பரணில் உட்கார வைத்திருந்தார்கள். இதெல்லாம் அவள் கேட்டதே இல்லை.

ராசம்மா ஈரக்கையால் மகன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பதினேழு வயசு ஆம்பளப் பிள்ள நெசமா திமிறியிருந்தா என் ரெண்டு கைக்கு நின்னிருப்பியா? தெரிஞ்சுதான் பிடிச்சிருந்தேன். நீ பொழச்சிருக்கணும்னு நானும் நெனச்சேன், நீயும் நெனச்ச. அதுல பாவம் எங்கய்யா வந்துச்சு?”

செல்வா முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். முப்பத்தைந்து வயது மனிதனின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. ராசம்மா அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டாள்.

பிறகு சொன்னாள்: “அன்னிக்கு எனக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா நான் இறங்கியிருப்பேன். ஒருவேள ரெண்டு பேருமே போயிருப்போம். அதுவும் தெரியும். ஆனா தண்ணியப் பாத்தா கையக் கால கட்டிக்கிட்டு நிக்கிற பொம்பளயாவே நான் சாக மாட்டேன். அவ்வளவுதான்.”

அவள் துண்டை உதறி எழுந்தாள்.

“எங்க போறீங்க?” செல்வா திடுக்கிட்டான்.

“கயித்தப் பிடிச்சுட்டேன்ல. செல்லாது. மறுபடி போடணும்.”

“இப்பவா? அம்மா, ப்ளீஸ்...”

“ஷர்மினி, நாடி எப்படி இருக்கு?”

ஷர்மினி அண்ணனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். புதன்கிழமை முதல் இருவருக்கும் நடுவில் நின்றவள், இப்போது தாதியாகப் பேசினாள். “இறங்கிடுச்சு மா. போலாம். பாதியில முடியலன்னா மல்லாந்து மிதங்க. கௌரவம் பாக்காதீங்க.”

“அலமாக், மறுபடியுமா!” என்றாள் லோஷினி. ஆனாலும் விசிலை எடுத்தாள்.

*

இரண்டாவது முறை செல்வா பார்க்கவில்லை. குளத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றான். ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை.

தண்ணீரின் சளக் சளக் சத்தம். லோஷினி கரையோரம் கூடவே நடக்கிற செருப்பொலி. ஒரு இடத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. செல்வா கண்களை இறுக மூடினான். ஷர்மினி மெதுவாகச் சொன்னாள்: “மூச்சு வாங்குறாங்கண்ணா. மிதக்குறாங்க. கயித்த தொடல. இப்ப மறுபடி போறாங்க. பாதி தாண்டியாச்சு.”

“இன்னும் எவ்ளோ?”

“நீயே திரும்பிப் பாரு.”

அவன் திரும்பவில்லை.

முப்பத்தேழாவது இழுப்பில் ராசம்மாவின் விரல் நுனி எதிர்க்கரை ஓட்டில் பட்டது. பட்ட பிறகும் நம்பாமல் இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். அதற்குள் கக் ஸைத்தூன் குளமே அதிரக் கத்திவிட்டாள். வரிசை நடனத்து ஆட்கள் நாலைந்து பேர் கைதட்டினார்கள். ராசம்மாவுக்குப் பேச மூச்சில்லை. குளத்துச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பத்தே முக்கால்.

உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட மேசைக்கு வந்தாள். சோமசேகரம் பாரத்தை அவள் முன் வைத்தார். ‘வாரிசு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெற்றுக்கோடு.

செல்வா பின்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. “அம்மா, என்னால இதுல கையெழுத்துப் போட முடியாது. நீங்க நீந்துனீங்க, சரி. இது குளம். அது கடல். உங்களுக்கு ஏதாவது ஆனா, அந்தத் தாள்ல என் பேர் இருந்தா நான் எப்படித் தாங்குவேன்?”

“நான் உன்னக் கேக்கலயே” என்றாள் ராசம்மா. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

சோமசேகரத்தின் பையிலிருந்து ஒரு பேனாவைத் தானே எடுத்தாள். ‘வாரிசு’ என்ற சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தாள். கீழே, நீர் சொட்டிய இடத்தைத் தவிர்த்து, தமிழில் எழுதினாள்: ரா-ச-ம்-மா. எழுத்துகள் பெரிது பெரிதாக விழுந்தன.

“சார், மத்தத நீங்க முடிவு பண்ணுங்க.”

கக் ஸைத்தூன் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்தாள். புரிந்ததும் தன் பாரத்தை அடுக்கிலிருந்து உருவினாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பியின் பின்னால் ஒரு மாதம் அலைந்து வாங்கிய கையெழுத்து அது. அதன்மேல் அவளும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

சோமசேகரம் இரண்டு பாரங்களையும் வெகுநேரம் பார்த்தார். முப்பது வருடம் விதிப்படி கோப்பு நகர்த்திய மனிதர். கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். பெயர்ப் பட்டியலில் ‘10. ஸைத்தூன்’ என்ற வரிக்குக் கீழே நிதானமாக எழுதினார்: ‘11. ராசம்மா.’

“தலைவர் கேட்டால் நான் பதில் சொல்கிறேன்” என்றார். பிறகு யாரும் கேட்காமலே, “என்னுடைய பாரத்தையும் மாற்ற வேண்டும். மோகனதாஸுக்கு இன்று போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் நீந்துவேன் என்று” என்றார்.

*

கார் நிறுத்துமிடத்தில் வெயில் ஏறியிருந்தது. ஷர்மினி ஷிப்டுக்கு நேரமாகிறதென்று முதலிலேயே காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். செல்வா சாவியைக் கையில் உருட்டியபடி நின்றான்.

“சாப்ட்டுப் போறியா? நேத்து அரைச்ச மாவு இருக்கு” என்றாள் ராசம்மா.

“இன்னிக்குத் தங்குறேன்ம்மா. நாளைக்கும் லீவுதான்.”

ராசம்மா தலையசைத்தாள். அதற்குமேல் எதையும் கேட்டு அதைக் கலைக்க விரும்பவில்லை.

“ஆனா நான் சம்மதிக்கல” என்றான் அவன். “அத தெளிவா சொல்லிடறேன்.”

“சரி.”

“அடுத்த சனிக்கிழம விடியக்காலையில மெர்சிங் போட் ஜெட்டிக்கு வருவேன். உங்கள போட்ல ஏற விடாம தடுக்கவா, வழியனுப்பவான்னு எனக்கே இன்னும் தெரியல.”

ராசம்மா ஈரத் தலையைத் துண்டால் ஒருமுறை துவட்டினாள். பட்டியலில் பன்னிரண்டாவது இடம் இன்னும் காலியாக இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

“எதுக்கு வந்தாலும் சரி” என்றாள், கார்க் கதவைத் திறந்துகொண்டே. “மாத்துத் துணி ஒண்ணு எடுத்துட்டு வா.”